மூடிய பெட்டிக்குள் தண்ணீர் வந்த வழி

காங்கேயத்தில் ‘பெட்டி’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது சிவன்மலைதான். மலை மேல் இருக்கும் சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. யாரோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். கோயிலில் பூப்போட்டு உத்தரவு கேட்டு, அந்தப் பொருளைப் பெட்டிக்குள் வைப்பார்கள். அடுத்த பக்தரின் கனவில் வேறொரு பொருள் வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், மஞ்சள் என்று எத்தனையோ பொருள்கள் அதில் இருந்திருக்கின்றன. தண்ணீரும் ஒரு முறை இருந்தது.

மலையை விட்டு இறங்கினால் வேறு வகைப் பெட்டிகள். கிணற்று மேட்டில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி, அரிசி ஆலைச் சுவரில் பேனல் பெட்டி, தேங்காய்க் களத்துக் கம்பத்தில் கேமரா பெட்டி, தோட்டத்து கேட்டில் இன்டர்நெட் பெட்டி. இவற்றுக்குள் தண்ணீர் வரவே கூடாது. ஆனாலும் வருகிறது. ஓட்டையெல்லாம் அடைத்து, மேலே பிளாஸ்டிக் பை கட்டி வைத்த பெட்டிக்குள்ளும் வருகிறது. எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள, காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நடந்ததைப் பார்த்தாலே போதும்.

கறுப்புக் கட்டம்

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடு ஊருக்குள் இருக்கும் வீடு அல்ல. நிலத்துக்கு நடுவே, கிணற்றுக்குப் பக்கத்தில், மாட்டுக் கொட்டகையோடு சேர்ந்து நிற்கும் வீடு. சுற்றிலும் கிளுவை வேலி. அந்தப் பக்கம் மாடு மேயும் கொரங்காடு, இந்தப் பக்கம் தென்னை. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில்கூட இருக்காது. பிள்ளைகள் படித்து, திருப்பூருக்கோ கோவைக்கோ பெங்களூருக்கோ போய்விட, மாட்டையும் மரத்தையும் விட்டு வர மனமில்லாமல் பெரியவர்கள் இருவர் மட்டும் அங்கே இருப்பார்கள்.

2024 நவம்பர் கடைசியில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் இப்படி ஒரு தோட்டத்து வீட்டில் பெற்றோரும் மகனுமாக மூன்று பேர் கொலை செய்யப்பட்டார்கள். அடுத்த சில மாதங்களில், 2025-ல், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதியும் கொல்லப்பட்டார்கள். இந்த இரண்டு செய்திகளுக்குப் பிறகு, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. “ஊருக்குள்ள வந்துருங்க” என்றால் பெரியவர்கள் வர மாட்டார்கள். மிச்சம் இருந்த ஒரே வழி கேமரா.

அந்தத் தோட்டத்து வீட்டிலும் அப்படித்தான் கேமரா வந்தது. மகன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 66. “நாய் இருக்குது, அருவா இருக்குது, கேமரா எதுக்கு?” என்று அப்பா மறுத்தார். மகன் கேட்கவில்லை. நான்கு கேமராக்கள், நான்குக்கும் வயர் போய்ச் சேரும் ஒரு பெட்டி, அது கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கம்பத்தில். அங்கிருந்து போன் வரை எல்லாம் ஒரே நாளில் முடிந்தது.

அதன் பிறகு மகனுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. இரவு 11 மணிக்குப் படுக்கும் முன்பு போனைத் திறந்து நான்கு கட்டங்களையும் ஒரு முறை பார்ப்பான். காலை 5.30 மணிக்கு அம்மா வாசல் தெளிக்க வருவதும் தெரியும். அதைப் பார்த்தால் அன்றைய நாள் நல்லபடியாகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஐப்பசியில் முதல் மழை பெய்த இரவு, இரண்டு கட்டங்கள் கறுப்பாகின. மணி ஒன்றே முக்கால். போன் அடித்தான், எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். நான்காவது முறை அம்மா தூக்கக் கலக்கத்தில் எடுத்து, “என்ன கண்ணு, ஏதாச்சும் ஆயிருச்சா?” என்று பதறினார். அங்கே ஒன்றும் ஆகவில்லை. பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ‘அவ்வளவுதான்’ என்று விட்டுவிட முடியாத விஷயம் இதில் இருக்கிறது. போனில் தெரியும் கறுப்புக் கட்டத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, பெட்டி கெட்டுவிட்டது. இன்னொன்று, யாரோ வயரை அறுத்துவிட்டார்கள். திருப்பூரில் படுத்திருப்பவனுக்கு இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும். முதல் தடவை பதறுவான். மூன்றாவது தடவை, “மறுபடியும் பெட்டிதான்” என்று திரும்பிப் படுப்பான். அடிக்கடி கெடும் பெட்டி, ஆபத்து வரும் நாளிலும் அலட்சியமாக இருக்க வீட்டையே பழக்கிவிடுகிறது. சில நூறு ரூபாய் பெட்டியைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியதன் காரணம் இதுதான்.

சிலிகான் தீர்க்காத சிக்கல்

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து பெட்டியைத் திறந்தான். அடியில் ஒரு விரற்கடை தண்ணீர். உள்ளே இருந்த சுவிட்ச் போய்விட்டிருந்தது. புதிது வாங்கி மாட்டினான். வயர்கள் பெட்டியின் தலையில் துளை போட்டு இறங்கியிருந்தன. அந்தத் துளைகளைச் சுற்றிலும் சிலிகான் பேஸ்ட் அப்பினான். மூடியின் விளிம்பில், திருகாணி மேல், கண்ணுக்குத் தெரிந்த எல்லா இடுக்கிலும் அப்பினான். இனி எறும்பு கூட நுழையாது என்ற நிம்மதியோடு கிளம்பினான்.

மார்கழியில் நான்கு கட்டங்களும் ஒன்றாகக் கறுப்பாகின. மழை நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது. திறந்து பார்த்தால் மூடியின் உட்பக்கம் முழுவதும் முத்து முத்தாகத் தண்ணீர். வயர் முனைகளில் பச்சை பூத்திருந்தது.

“மழையே இல்லையே தம்பி, பொட்டியும் நல்லாத்தான மூடியிருக்குது? தண்ணி எங்கிருந்து வந்துச்சு?” என்று அம்மா கேட்டார். அதற்குப் பதில் சொன்னவர், காங்கேயத்திலிருந்து வந்த ஒரு எலக்ட்ரீசியன். அரிசி ஆலைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் பேனல் வேலை பார்த்தவர்.

“நல்லா மூடுனதுனாலதானுங்கம்மா வந்துச்சு” என்றார் அவர்.

அவர் காட்டிய வழிகள் மூன்று.

முதல் வழி, வயரின் முதுகு. தண்ணீர் சொட்டிக்கொண்டுதான் விழும் என்று நாம் நினைக்கிறோம். ஒட்டிக்கொண்டு நடக்கவும் அதற்குத் தெரியும். டம்ளரிலிருந்து மெதுவாக ஊற்றினால், பால் பாத்திரத்தில் விழாமல் டம்ளரின் வெளிப்பக்கமாகவே ஒட்டி வழிகிறதே, அது போல. மேலிருந்து சரிவாக இறங்கும் வயர், மழையில் ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால் நேராகப் பெட்டியின் தலையில் இருக்கும் துளைக்குப் போய்ச் சேர்ந்தால், எவ்வளவு சிலிகான் அப்பினாலும் ஒரு நாள் வெயிலில் அது விட்டுக்கொடுக்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கும் பிளாஸ்டிக்கோடு அதனால் எத்தனை நாளுக்கு ஒட்டிக்கொண்டிருக்க முடியும்?

வீட்டு ஜன்னலுக்கு மேலே இருக்கும் சன்ஷேடை அண்ணாந்து பார்த்தால், அதன் அடிப்பக்கம் விளிம்பை ஒட்டி ஒரு கோடு மாதிரி பள்ளம் இருக்கும். அது அழகுக்காகக் கொத்தனார் இழுத்த கோடு அல்ல. விளிம்பைத் தாண்டி அடிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி வரும் தண்ணீர், அந்தப் பள்ளத்தில் தடுக்கி அங்கேயே சொட்டிவிட வேண்டும் என்பதற்காக. வயருக்கும் அதே வைத்தியம்தான். பெட்டியின் அடிப்பக்கமாக வயரை நுழைக்க வேண்டும். நுழைவதற்கு முன்பு பெட்டியை விடக் கீழே தொங்கி, பிறகு மேலேறி நுழையும்படி ஒரு வளைவு விட வேண்டும். தண்ணீர் வயரோடு வரட்டும். வளைவின் அடியில் வந்ததும் மேலேறத் தெரியாமல் தரையில் சொட்டிவிடும்.

பெட்டி விடும் மூச்சு

இரண்டாவது வழி, காற்று. இதுதான் மழையில்லாத மார்கழியில் நடந்தது.

காங்கேயம் மழை மறைவுப் பகுதி. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டும் வந்து சேரும். இங்கே மழை என்றால் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகைதான். வறண்ட ஊரில் பெட்டிக்கு ஈரத்தால் என்ன ஆபத்து என்று தோன்றும். ஆனால் வறண்ட ஊரில்தான் பகலின் சூட்டுக்கும் இரவின் குளிருக்கும் இடைவெளி அதிகம். மூடிய பெட்டிக்கு அந்த இடைவெளிதான் எதிரி.

40 சென்டிமீட்டர் உயரம், 30 அகலம், 20 ஆழம் உள்ள பெட்டிக்குள் 24 லிட்டர் காற்று இருக்கும். பகல் வெயிலில் உள்ளே 55 டிகிரி வரை ஏறி, விடியற்காலையில் 22 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று இரண்டரை லிட்டர் அளவுக்கு உள்ளே வரும். பகலில் விரிந்து வெளியே போகும், இரவில் சுருங்கி உள்ளே வரும். அதாவது பெட்டி ஒரு நாளைக்கு ஒரு முறை மூச்சு விடுகிறது.

உள்ளே இழுக்கும் மூச்சில் ஈரம் இருக்கும். 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? எது அதிகம் குளிர்ந்திருக்கிறதோ அதன் மேல் தண்ணீராகப் படியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த பாட்டில் வேர்ப்பதும், மார்கழிக் காலையில் வாசலில் நிறுத்திய பைக் சீட் நனைந்திருப்பதும் இதனால்தான். மேகமில்லாத இரவில் திறந்த வெளியில் இருக்கும் பெட்டியின் மூடி, சுற்றியுள்ள காற்றை விடவும் அதிகமாகக் குளிர்ந்துவிடும். மூடியின் உட்பக்கம் அம்மா பார்த்த முத்துகள் அப்படி வந்தவை.

ஒரு இரவில் இப்படி உள்ளே வரும் ஈரம் அதிகம் போனால் ஒரு சொட்டு. அதிலும் பெரும்பகுதி மறுநாள் வெயிலில் ஆவியாகிப் போய்விடும். ஆனால் உள்ளே சேர்ந்திருக்கும் புழுதியும் பஞ்சும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தறி ஓடும் இடங்களில் பறக்கும் பஞ்சுத் துகளும், அரிசி ஆலை உமித் தூசும் இந்த வேலையை நன்றாகச் செய்கின்றன. அதைவிட மோசம், பெட்டி மூச்சை இழுக்கும் நேரத்தில் இடுக்கின் மேல் மழைத் தண்ணீர் நின்றுகொண்டிருந்தால், காற்றுக்குப் பதில் அந்தத் தண்ணீரையே உறிஞ்சிவிடும்.

‘காற்றே போகாதபடி இறுக்கி மூடிவிட்டால்?’ என்று கேட்கலாம். 60 டிகிரியில் காயும் பெட்டி மேல் திடீர் கோடை மழை விழுந்து 30 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே காற்றழுத்தம் 9 சதவீதம் குறையும். ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சி ஏற்றும் பலம் அது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது மாதிரி, எங்கே ஒரு மயிரிழை இடுக்கு கிடைத்தாலும் அதன் வழியாக இழுத்துக்கொள்ளும். இழுத்த தண்ணீர் வெளியே போக மட்டும் வழி இருக்காது. சிலிகான்தான் எல்லாவற்றையும் அடைத்துவிட்டதே!

பெட்டி வாங்கும்போது கடையில் ‘ஐ.பி. 65’ என்று காட்டுவார்கள். ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தொழில்நுட்ப அமைப்பின் 60529 என்ற தரவிதியில் வரும் எண் அது. முதல் இலக்கம் 6 என்றால் தூசி நுழையாது. இரண்டாவது இலக்கம் 5 என்றால் எந்தப் பக்கமிருந்தும் குழாயால் தண்ணீர் பீய்ச்சினாலும் கெடுதல் வராது. பொய் இல்லை. ஆனால் அது வெளியே இருந்து அடிக்கும் தண்ணீரைப் பற்றிய வாக்குறுதி. உள்ளே போன காற்றிலிருந்து பிறக்கும் தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. தவிர, கம்பெனியிலிருந்து வந்தபடி இருக்கும் பெட்டிக்குத்தான் அந்த எண். நாம் டிரில்லிங் மெஷினால் ஒரு துளை போட்டு, அதில் வயரை அப்படியே நுழைத்த நிமிடமே அந்த எண்ணுக்கு மதிப்பு போய்விடும்.

வயருக்குள் ஓடிய வாய்க்கால்

மூன்றாவது வழியை அந்த எலக்ட்ரீசியன் காட்டியபோது மகனே நம்பவில்லை. ஒரு லேன் வயரைப் பெட்டிக்குள்ளேயே கத்தரித்து, முனையைக் கீழே பிடித்தார். ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

கேமரா சுவரில் 12 அடி உயரத்தில் இருந்தது. பெட்டி 5 அடி உயரத்தில். மேலே கேமராவின் வாலையும் வயரையும் இணைத்த இடத்தைச் சாதாரண கறுப்பு டேப் சுற்றி வெளியே தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் டேப்பின் பசை இளகி, அங்கே நுழைந்த மழை, வயரின் மேல்தோலுக்கும் உள்ளே இருக்கும் எட்டு இழைகளுக்கும் நடுவே புகுந்துவிட்டது. அங்கிருந்து பெட்டி வரை அது ஒரு குழாய். வெளியே அப்பிய சிலிகான் வயரின் தோலைத்தான் அடைக்கும், வயிற்றை அடைக்காது.

பச்சை பூத்ததற்கும் காரணம் இருக்கிறது. இந்த வயரில் சிக்னலோடு கேமராவுக்கான மின்சாரமும் போகிறது. சுமார் 48 வோல்ட், எப்போதும் ஒரே திசையில். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பின்களுக்கு நடுவே ஈரம் படிந்தால் அந்த ஈரத்தின் வழியாகவும் மின்சாரம் கசியும். கசியக் கசியச் செம்பு கரையும். கோயில் குடத்திலும் வீட்டுச் செம்புப் பாத்திரத்திலும் ஏறும் அதே களிம்புதான். பாத்திரமானால் புளி போட்டுத் தேய்க்கலாம். இந்தப் பின்னைத் தேய்க்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

செய்த வேலை

அன்று அரை நாளில் அவர் செய்தது இதுதான்.

முதலில் மெயினை ஆஃப் செய்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைத்தார். ஈரமான பெட்டி, இரும்புக் கம்பம், நனைந்த தரை மூன்றும் சேர்ந்தால் அது உயிர் விஷயம். கம்பத்துக்கு எர்த் இருக்கிறதா என்று பார்த்தார். பெட்டிக்குப் போகும் லைனில் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றை வீட்டுப் பலகையில் சேர்த்தார். கேமரா கெட்டால் வேறு வாங்கலாம். வாசல் தெளிக்க ஈரக்கையோடு வரும் அம்மா, கேட்டைத் திறக்கும்போது கம்பத்தைத்தான் பிடித்துக்கொள்வார்.

தலையில் இருந்த துளைகளை நிரந்தரமாக அடைத்தார். அடிப்பக்கம் புதிதாகத் துளை போட்டு, ஒரு வயருக்கு ஒரு கிளாண்ட் என்று மாட்டினார். கிளாண்டை இறுக்கும்போது அதற்குள் இருக்கும் ரப்பர் வளையம் வயரைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு வயரை ஒரே கிளாண்டில் நுழைத்தால் நடுவில் இடைவெளி விழும். மெல்லிய வயருக்குப் பெரிய கிளாண்ட் போட்டாலும் பிடிக்காது. ஒவ்வொரு வயருக்கும் கீழே ஒரு சாண் வளைவு விட்டு, கேபிள் டேக் போட்டுக் கட்டினார். 230 வோல்ட் லைனையும் லேன் வயரையும் ஒரே பைப்பில் விட்டிருந்ததைப் பிரித்து, தனித்தனிப் பைப்பில் விட்டார். வெயிலில் வெடித்துப்போன சாம்பல் நிற வயரை எடுத்துவிட்டு, வெளியிடத்துக்கென்றே வரும் கறுப்பு வயரைப் போட்டார்.

கேமராக்களின் பின்னால் இருந்த இணைப்புகளை ஒவ்வொரு சின்ன ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்தார். அதற்கும் வயர் அடியிலிருந்துதான் போனது. பெட்டிக்குள் சுவிட்சைத் தரையில் படுக்க வைக்காமல் பின்பலகையில் தூக்கி மாட்டினார். சொட்டினாலும் மேலே விழாதபடி ஜாக்குகள் கீழ்நோக்கிப் பார்த்தன.

கடைசியாக அவர் செய்ததைப் பார்த்து மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டியின் அடியில், மிகவும் தாழ்ந்த மூலையில், டிரில் வைத்து ஒரு சின்ன ஓட்டை போட்டார்.

“அண்ணா, தண்ணி போகக் கூடாதுன்னுதான இவ்வளவும் பண்றோம்?”

“போகக் கூடாதுங் தம்பி. ஆனா போனா வெளிய வரணுமில்லீங்?”

அந்த ஓட்டையில் நுண்ணிய எஃகு வலை ஒன்றைச் செருகினார். வலை இல்லாவிட்டால் குளவி வந்து மண் வைத்து அடைத்துவிடும். எறும்பு குடியேறும். எறும்பைத் தேடிப் பல்லி வரும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கருகிக் கிடக்கும் பல்லியைப் பார்க்காத விவசாயி உண்டா?

பெட்டிக்கு மேலே ஒரு தகரத்தைக் கூரை மாதிரி நான்கு விரல் இடைவெளி விட்டு மாட்டினார். மழைக்கு மட்டுமல்ல, முக்கியமாக வெயிலுக்கு. பகலில் சூடு குறைந்தால் இரவில் பெட்டி இழுக்கும் மூச்சும் குறையும்.

உலகமே செய்யும் வேலை

மூச்சு விடும் பெட்டியோடு சண்டை போடாமல், நல்ல மூச்சு விட வைப்பது புதிய யோசனை அல்ல. வானிலை ஆய்வு நிலையங்களில் நான்கு கால் வைத்து நிற்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் 1860-களில் வடிவமைத்தது அது. ‘டிரெஷர் ஐலண்ட்’ நாவலை எழுதிய ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சனின் அப்பா அவர். நான்கு பக்கமும் கீழ்நோக்கிச் சரிந்த மரச் சட்டங்கள். மழையும் வெயிலும் உள்ளே விழாது, காற்று மட்டும் தாராளமாகப் போய்வரும். வெப்பமானிக்கு ஏற்ற அந்த வடிவம் எலக்ட்ரானிக்ஸுக்கு அப்படியே சரிவராது. ஆனால் பாடம் ஒன்றுதான்.

துணைமின் நிலையத்துப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் மூச்சு விடுகிறது. சூட்டில் எண்ணெய் விரியும், குளிரில் சுருங்கும். அப்போது போய்வரும் காற்று, பக்கத்தில் தொங்கும் ஒரு கண்ணாடிக் குடுவை வழியாக வர வேண்டும். அதற்குள் சிலிக்கா ஜெல். நீல நிறத்தில் இருப்பது ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். மாறியதும் ஊழியர்கள் எடுத்துக் காய வைப்பார்கள், அல்லது புதிது போடுவார்கள். புது செருப்புப் பெட்டியில் வரும் அதே பொட்டலத்தைக் கேமரா பெட்டிக்குள்ளும் பலர் போடுகிறார்கள். போடலாம். ஆனால் மூச்சு விடும் பெட்டியில் அது சீக்கிரமே வயிறு நிறையக் குடித்துவிடும். மாற்ற ஆள் இல்லாவிட்டால் பிறகு அது வெறும் மணல்தான்.

ஆலைகளின் பெரிய பேனல்களில் சின்ன ஹீட்டர் ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் சூடு வெளியை விடச் சில டிகிரி கூடுதலாக இருந்தால் பனி படியாது. அந்தக் காலத்தில் இதற்காக ஒரு குண்டு பல்பைப் போட்டு வைத்தவர்களும் உண்டு. இன்னொரு வழி, காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தபோது அது நுண்துளைகள் உள்ள சவ்வாக மாறுவதைக் கண்டார். மழைக்கோட்டில் வரும் அந்தச் சவ்வு, இன்று கார் ஹெட்லைட்டிலும் வெளியிடப் பெட்டிகளிலும் சின்ன மூச்சுத் துளையாக இருக்கிறது.

நம் வீடுகளுக்கும் இது பழக்கமான கணக்குதான். நெல்லைக் காய வைக்காமல் குதிரில் கொட்டி மூட மாட்டார்கள். மூடினால் உள்ளே இருக்கும் ஈரமே நெல்லைக் கெடுத்துவிடும். மழை நாளில் கேமரா பெட்டியைத் திறந்து, வேலை முடித்து, அப்படியே இறுக்கி மூடுவதும் ஈர நெல்லை மூடுவது போலத்தான். வெயில் ஏறிய காலை நேரத்தில் திறந்து, காய்ந்த துணியால் துடைத்து, காற்றாட விட்டு மூடுவது நல்லது.

கிளம்பும்போது எலக்ட்ரீசியன் சொன்னது ஒன்றுதான். “வருசத்துக்கு ரெண்டு தடவை தொறந்து பாருங் தம்பி. புரட்டாசில ஒருக்கா, தை பொறந்து ஒருக்கா. வலை அடைச்சிருக்குதா, கிளாண்டு தளந்திருக்குதா, எங்கியாச்சும் பச்சை பூத்திருக்குதா, மூணே மூணு. அதுக்கு நான் வேண்டாம், நீங்களே பாத்துக்கலாம்.”

“அதுக்காச்சும் வருவான்” என்றார் அப்பா, தென்னைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டுக்கொண்டே.

புரட்டாசியில் மகன் வந்தான். வலையில் கொஞ்சம் பஞ்சு சேர்ந்திருந்தது. தட்டிவிட்டு மூடினான். பிறகு சாப்பிட்டுவிட்டு, மாலை வரை இருந்துவிட்டுப் போனான்.

ஐப்பசி மழை ஒரு சாயங்காலம் பிடித்துக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்து அம்மா கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வயரோடு ஓடிவந்த தண்ணீர், பெட்டிக்குக் கீழே வளைவில் வந்து தயங்கி, ஒவ்வொரு சொட்டாகத் தரையில் விழுந்தது. அம்மா போனை எடுத்தார்.

“கண்ணு, மழை பேயுது. தண்ணி வயரோட வந்து கீழயே சொட்டீருது. பொட்டிக்குள்ள போவுல. நீ படுத்துத் தூங்கு.”